அமெரிக்காவுல துப்பாக்கி வாங்கணும்னு யோசிக்கறீங்களா? விசாவுலேர்ந்து சேஃப் வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க மத்தியில, பக்கத்து தெருவுல ஒரு வீட்டை உடைச்சுட்டாங்கன்னு வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்தா போதும், நாமளும் ஒண்ணு வாங்கி வச்சிடலாமான்னு பேச்சு ஆரம்பிச்சிடும். அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் க்ளாக் நல்லதும்பார், இன்னொருத்தர் ஷாட்கன் தான் சரிம்பார். எந்த மாடல்ங்கறது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. முதல்ல உங்க இமிக்ரேஷன் பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும், அடுத்தது உங்க வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும். இந்த ரெண்டுக்கும் பதில் சரியா இல்லைன்னா மிச்சத்தை படிக்கவே வேண்டாம்.

உரிமை எங்கேர்ந்து வருதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1791-ல அமெரிக்க அரசியலமைப்புல சேத்த இரண்டாவது திருத்தம் தான் அடிப்படை. ஆனா அது மிலிஷியாவுக்கான (மக்கள் சேந்த படை) உரிமையா தனி மனுஷனுக்கான உரிமையான்னு ரொம்ப காலம் சண்டை போட்டுட்டு இருந்தாங்க, 2008-ல ஹெல்லர் வழக்குல தான் சுப்ரீம் கோர்ட், வீட்டுக்குள்ள தற்காப்புக்கு கைத்துப்பாக்கி வச்சுக்கறது தனி மனுஷ உரிமைன்னு சொல்லிச்சு. 2010-ல மெக்டொனால்ட் வழக்குல மாநிலங்களும் அதுக்கு கட்டுப்படணும்னு ஆச்சு. 2022-ல ப்ரூயன் தீர்ப்பு வீட்டுக்கு வெளிய எடுத்துட்டு போற உரிமையையும் சேத்துச்சு. அதே கோர்ட் 2024-ல ரஹிமி வழக்குல, குடும்ப வன்முறைக்காக கோர்ட் தடை உத்தரவு போட்டவங்க கையில துப்பாக்கி இருக்கக்கூடாதுங்கற சட்டம் செல்லும்னு 8-1 கணக்குல சொல்லிச்சு. ஹெல்லர் தீர்ப்புலயே இந்த உரிமைக்கு எல்லை உண்டுன்னு தெளிவா எழுதியிருக்காங்க, அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

படி 1: உங்க ஸ்டேட்டஸை பாருங்க

சிட்டிசன், கிரீன் கார்டு இந்த ரெண்டு பேருக்கும் வழி திறந்திருக்கு. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2ன்னு வேலை, படிப்பு, விசிட்டுக்கான தற்காலிக விசா எதுல வந்திருந்தாலும் ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி துப்பாக்கி மட்டும் இல்ல, ஒரே ஒரு தோட்டாவை வச்சிருந்தா கூட குத்தம், 15 வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். வாங்கினா தான் தப்புன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, கையில இருந்தாலே போதும். ஃப்ரெண்டோட துப்பாக்கியை ரேஞ்ச்ல (சுட்டுப் பழகற இடம்) வாங்கி நாலு ரவுண்டு சுடறதும் இதுல தான் வரும்.

இது சும்மா பயமுறுத்தறதுக்காக சொல்றது இல்ல. ஐக்கிய அரபு அமீரகத்துலேர்ந்து எஃப்-1ல ஃப்ளோரிடாவுக்கு படிக்க வந்த ஒரு பையன், மார்க் சரியில்லைன்னு காலேஜ் நீக்கினதுக்கு அப்புறமும் இங்கயே தங்கிட்டு, ஒரு ரேஞ்ச்சுக்கு போய் சுட்டுட்டு வந்தார். அதுக்கு கேஸ், 18 மாசம் ஜெயில் தண்டனை. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2019-ல ரெஹாய்ஃப் தீர்ப்பா வந்துச்சு, தன்னோட ஸ்டேட்டஸ் போயிடுச்சுன்னு அவருக்கு தெரிஞ்சிருந்ததுன்னு அரசு தான் நிரூபிக்கணும்னு சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டியது, ஸ்டேட்டஸ் தெரியணும்னு தான் சொன்னாங்க, சட்டம் தெரியாதுன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு யாரும் சொல்லல. எச்-1பில இருக்கறவருக்கு தான் எச்-1பில இருக்கோம்னு தெரியாமயா இருக்கும்?

விதிவிலக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ் இருந்தா நான்-இமிக்ரன்ட் விசாக்காரர் கூட வாங்கலாம், வச்சுக்கலாம், இது சட்டத்துலயே எழுதியிருக்கறது. ஆனா அந்த லைசன்ஸ் தேதி முடிஞ்ச மறுநாள் காலையில நீங்க எழுந்திரிக்கும்போது, லாக்கர்ல இருக்கற அதே துப்பாக்கி ஃபெடரல் குத்தமா மாறியிருக்கும். கிரீன் கார்டு க்யூல பத்து வருஷமா நிக்கறவர் ஒரு ஹாபிக்காக இந்த ரிஸ்க் எடுக்கணுமான்னு கேட்டா, வேண்டாம்னு தான் நான் சொல்வேன். கண்டிப்பா வேணும்னா இமிக்ரேஷன் வக்கீலை பாத்துட்டு செய்யுங்க.

கிரீன் கார்டுக்காரங்களுக்கும் ஒரு விஷயம். துப்பாக்கி சம்பந்தமா தண்டனை ஆச்சுன்னா, அது மாநில சட்டத்துல சின்ன கேஸா இருந்தா கூட, நாடு கடத்தறதுக்கு அது ஒரு தனி காரணம். சிட்டிசனுக்கு ஃபைனோட முடியற தப்பு உங்களுக்கு வீடு, வேலை, புள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டு போயிடும்.

படி 2: மத்த தடைகள்

ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை கிடைக்கக்கூடிய குத்தத்துல தண்டனை ஆனவங்க, வாரன்ட்டுக்கு பயந்து ஓடறவங்க, கோர்ட் உத்தரவுல மனநல சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவங்க, இவங்களுக்கெல்லாம் தடைன்னு எல்லாருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது ரெண்டு இருக்கு.

ஒண்ணு, கஞ்சா. உங்க மாநிலத்துல கடை போட்டு விக்கலாம், ஆனா ஃபெடரல் சட்டத்துல அது இன்னும் சட்டவிரோதம், வாங்கும்போது நிரப்பற ஃபார்ம்லயே இதை எச்சரிக்கையா அச்சடிச்சிருக்காங்க. போதைப்பழக்கம் பத்தின கேள்விக்கு பொய் பதில் சொன்னதுக்கு தான் ஹன்டர் பைடனை 2024 ஜூன்ல டெலவேர் ஜூரி குற்றவாளின்னு சொல்லிச்சு, 2018-ல வாங்கின ஒரு ரிவால்வருக்காக. அவருக்கு மன்னிப்பு கொடுக்க அப்பா ஜனாதிபதியா இருந்தார், நமக்கு யார் இருக்கா?

ரெண்டாவது, வீட்டு சண்டை. புருஷன் பொண்டாட்டி சத்தம் போட்டு பக்கத்து வீட்டுக்காரர் போலீஸை கூப்பிட்டு, அடிச்சதா கேஸ் ஆகி, வக்கீல் "சின்ன மிஸ்டிமீனர் (லேசான குத்தம்) தான், ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்"னு சொல்லி கையெழுத்து வாங்கியிருப்பார். 1996-லேர்ந்து அந்த சின்ன மிஸ்டிமீனர் போதும், துப்பாக்கி உரிமை போயிடும், நிறைய பேருக்கு ஆயுசுக்கும். அப்படி ஏதாவது பழைய கேஸ் இருந்தா கடைக்கு போறதுக்கு முன்னாடி அந்த கோர்ட் பேப்பரை எடுத்து ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

படி 3: வீட்டுக்குள்ள யார் இருக்கா

நம்ம வீடுகள்ல தான் இது ரொம்ப சிக்கல், ஏன்னா ஒரே கூரைக்கு கீழ நாலு ஸ்டேட்டஸ் இருக்கும். புருஷன் சிட்டிசன், மச்சினன் எஃப்-1, ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மா பி-2, குழந்தை இங்க பொறந்தது. துப்பாக்கி சிட்டிசன் பேர்ல இருக்கறதால அவருக்கு பிரச்சனை இல்ல, ஆனா கன் சேஃப் நம்பர் மச்சினனுக்கும் தெரியும், அவன் நினைச்சா எடுக்கலாம்னா அவன் கையில இருக்கற மாதிரியே கோர்ட்ல வாதம் பண்ண முடியும். எடுக்க முடியற நிலையும் எடுக்கற எண்ணமும் இருந்தாலே வச்சிருக்கறதா எடுத்துக்கற சட்டக் கருத்து இங்க உண்டு. அதனால வாங்க தகுதி இல்லாதவர் வீட்டுல இருந்தா சாவி, நம்பர், விரல் ரேகை எதுவும் அவருக்கு கிடையாது. "அவசரத்துக்கு உனக்கும் தெரியட்டும்"னு சொல்லி வைக்கறது அன்புன்னு நினைச்சு செய்யற ஆபத்து.

அடுத்தது பேச கூச்சப்படற விஷயம். சிடிசிங்கற மத்திய சுகாதார அமைப்போட கணக்குப்படி 2023-ல அமெரிக்காவுல துப்பாக்கியால இறந்தவங்க 46,700 பேருக்கு மேல, அதுல சுமார் 27,300 தற்கொலை, அதாவது பாதிக்கு மேல. நாம திருடனுக்கு பயந்து வாங்கறோம், கணக்கு வேற பக்கம் கை காட்டுது. வீட்டுல யாராவது டிப்ரஷன்ல இருந்தா, பதின்வயசு புள்ளை ரூமை விட்டு வெளிய வராம இருந்தா, வேலை போய் ஒருத்தர் ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா, அந்த நேரம் துப்பாக்கி வாங்கற நேரம் இல்ல. ஏற்கனவே இருந்தா கொஞ்ச நாளைக்கு வீட்டை விட்டு வெளிய வைக்க ஏற்பாடு பண்ணுங்க, சில கடைகளும் ரேஞ்ச்களும் போலீஸ் ஸ்டேஷன்களும் வாங்கி வச்சுக்கறாங்க, உங்க மாநில விதியை மட்டும் பாத்துக்கோங்க. தற்கொலை தடுப்பு உதவி எண் 988-க்கு எப்ப வேணா கூப்பிடலாம், குடும்பத்துல இருக்கறவங்க கூட கூப்பிட்டு பேசலாம்.

படி 4: மாநில சட்டம்

ஃபெடரல் சட்டம் குறைஞ்சபட்சம் தான், மேல மாநிலம் என்ன வேணா சேத்திருக்கும். இல்லினாய்ஸ்ல ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வச்சுக்க மாநிலம் தர்ற அடையாள அட்டை) இல்லாம தோட்டா கூட வாங்க முடியாது. நியூ ஜெர்சில தனி ஐடி கார்டு வேணும், நியூயார்க்ல கைத்துப்பாக்கிக்கு லைசன்ஸ், கலிபோர்னியாவுல ஒரு எழுத்து பரிட்சை எழுதி சேஃப்டி சர்டிஃபிகேட் எடுத்துட்டு அப்புறம் 10 நாள் காத்திருக்கணும். டெக்சாஸ்ல வாங்க பெர்மிட்டே வேண்டாம், 2021 செப்டம்பர்லேர்ந்து தகுதி இருக்கறவங்க பெர்மிட் இல்லாமலே இடுப்புல வச்சுட்டும் போகலாம். டல்லாஸ்ல இருக்கற அண்ணன் சொன்னார்னு நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கற தம்பி நடந்துக்கிட்டா ஜெயில் தான். வேலை மாறி மாநிலம் மாறும்போதும் இதே கதை, கலிபோர்னியாவுக்கு புதுசா குடி போனா 60 நாளுக்குள்ள கொண்டு வந்த துப்பாக்கியை ரிப்போர்ட் பண்ணணும், சில மாடலை கொண்டு போகவே கூடாது. உங்க மாநில அட்டர்னி ஜெனரல் அல்லது மாநில போலீஸ் சைட்ல நேரா படிங்க, சட்டம் அடிக்கடி மாறுது, யூட்யூப் வீடியோவை நம்பாதீங்க.

படி 5: வாங்கறதுக்கு முன்னாடி கத்துக்கோங்க

கடையில இன்ஸ்ட்ரக்டர் வச்சு நடத்தற பேசிக் க்ளாஸ்ல சேந்து, அங்கயே ரெண்டு மூணு மாடல் வாடகைக்கு எடுத்து சுட்டு பாருங்க. கைக்கு எது பொருந்துதுன்னு அப்ப தான் தெரியும், சின்ன துப்பாக்கி ஈஸின்னு நினைப்பாங்க, ஆனா எடை கம்மியான சின்ன பிஸ்டல் தான் கையை உதறும். காதுக்கு மஃப், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம். ரேஞ்ச்லேர்ந்து வந்ததும் கையை சோப்பு போட்டு கழுவுங்க, ஈயத் தூசி இருக்கும், குழந்தையை அப்படியே தூக்காதீங்க.

நாலு விதி சொல்லித் தருவாங்க. எந்த துப்பாக்கியும் லோட் ஆகியிருக்குன்னே நினைச்சுக்கணும். சுட விரும்பாத எதை நோக்கியும் குழலை திருப்பக்கூடாது. இலக்கை பாத்து முடிவு பண்ற வரைக்கும் விரல் ட்ரிக்கருக்கு வெளிய. இலக்குக்கு பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். கடைசி விதி இங்க கூடுதல் முக்கியம், ஏன்னா இங்க வீட்டு உள்சுவர் செங்கல் இல்ல, வெறும் ட்ரைவால் (மெல்லிய ஜிப்சம் பலகை), குண்டு அதை துளைச்சுட்டு அடுத்த ரூமுக்கு போயிடும், அங்க தான் உங்க புள்ளை தூங்குது.

காலி பண்ற முறைல தான் நிறைய விபத்து. மேகஸினை (தோட்டா அடுக்கற பெட்டி) கழட்டிட்டா காலின்னு நினைச்சுக்கறாங்க, ஆனா சேம்பர்ல (குழலோட பின்முனை) ஒண்ணு உக்காந்திருக்கும். முதல்ல மேகஸினை எடுங்க, அப்புறம் ஸ்லைடை (மேல நகர்ற பாகம்) பின்னாடி இழுத்து அப்படியே லாக் பண்ணுங்க, சேம்பரை கண்ணால பாருங்க, இருட்டா இருந்தா சுண்டு விரலை விட்டு தடவி பாருங்க. வரிசையை மாத்தி ஸ்லைடை முதல்ல இழுத்துட்டு மேகஸினை அப்புறம் எடுத்தா, இழுக்கும்போது புதுசா ஒரு தோட்டா உள்ள போயிருக்கும்.

படி 6: கடையில என்ன நடக்கும்

ஃபெடரல் லைசன்ஸ் இருக்கற டீலர்கிட்ட கைத்துப்பாக்கிக்கு 21 வயசு, ரைஃபிள் ஷாட்கனுக்கு 18, சில மாநிலத்துல அதுக்கும் 21. உங்க மாநிலத்துக்கு வெளிய கைத்துப்பாக்கியை நேரா வாங்கிட்டு வர முடியாது, உங்க ஊர் டீலருக்கு அனுப்பச் சொல்லி அங்க வாங்கணும். ஏடிஎஃப்ங்கற மத்திய துப்பாக்கி கண்காணிப்பு அமைப்போட ஃபார்ம் 4473 கொடுப்பாங்க. டிரைவர் லைசன்ஸ்ல இருக்கற பேரும் அட்ரஸும் இப்ப இருக்கறதோட சரியா இருக்கணும், கிரீன் கார்டுக்காரங்க அந்த கார்டுல இருக்கற யூஎஸ்சிஐஎஸ் நம்பரும் எழுதணும். இனிஷியலை விரிச்சு அப்பா பேரு லாஸ்ட் நேமா ஆகி, ஒரு கார்டுல ஒரு மாதிரி இன்னொண்ணுல வேற மாதிரி இருக்கற நம்மாளுங்க, அதை சரி பண்ணிட்டு போங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயம் இல்ல, ஆனா எழுதினா அதே பேர்ல இருக்கற வேற ஆளோட குழம்பறது குறையும்.

1998-லேர்ந்து இருக்கற நிக்ஸ்ங்கற எஃப்பிஐ பின்னணி சோதனை முறையில ரெக்கார்டை பாப்பாங்க, சில மாநிலத்துல மாநிலமே பாக்கும். போகலாம், தாமதம், மறுப்பு, மூணுல ஒண்ணு வரும், பெரும்பாலும் சில நிமிஷத்துல. தாமதம்னா பதறாதீங்க, பேர் குழப்பமா இருக்கும். மறுப்புன்னா அப்பீல் பண்ணலாம், ஆனா முதல்ல ஏன்னு வக்கீலோட கண்டுபிடிங்க, கடை கடையா மாத்தி ட்ரை பண்ணாதீங்க.

இந்த ஃபார்ம்ல உண்மையிலயே வாங்கறது நீங்க தானான்னு ஒரு கேள்வி வரும். எச்-1பி ஃப்ரெண்டு காசு கொடுத்து "உன் பேர்ல வாங்கிக் கொடு"ன்னா, நீங்க செய்யறது ஸ்ட்ரா பர்ச்சேஸ், 2022 சட்டத்துக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் ஜெயில். வாங்க தகுதி இருக்கற ஆளுக்கே வாங்கிக் கொடுத்தாலும் தப்பு தான்னு 2014-ல அப்ராம்ஸ்கி வழக்குல தீர்ப்பு இருக்கு, அங்க ஒருத்தர் டிஸ்கவுன்ட்ல தன்னோட அங்கிளுக்கு வாங்கிக் கொடுத்தார், அவ்வளவு தான், மாட்டிக்கிட்டார். உங்க சொந்த காசுல, தகுதி இருக்கறவருக்கு நிஜமான பரிசா கொடுக்கறது வேற, அதுக்கு ஃபெடரல் தடை இல்ல.

தனி ஆள்கிட்ட வாங்கறதுக்கு ஃபெடரல்ல செக் கட்டாயம் இல்ல, நிறைய மாநிலத்துல கட்டாயம். எங்க இருந்தாலும் டீலர் வழியா மாத்திக்கோங்க, சின்ன ஃபீஸ் தான், திருட்டு துப்பாக்கியை வாங்கிட்டோமான்னு நெஞ்சு அடிச்சுக்காது.

படி 7: வைக்கற இடம்

துப்பாக்கி பட்ஜெட்ல சேஃப் காசையும் சேத்து தான் கணக்கு போடணும். கைத்துப்பாக்கி விக்கும்போது டீலர் ஒரு பூட்டு கொடுப்பார், 2005 சட்டம் அது, அந்த கேபிள் பூட்டு ஒண்ணுமில்லாததுக்கு தேவலாம், அவ்வளவு தான். கட்டிலுக்கு பக்கத்துல சுவத்துலயோ தரையிலயோ ஸ்க்ரூ போட்டு பதிச்ச, சீக்கிரம் திறக்கற பாக்ஸ் தான் தற்காப்புக்கும் பாதுகாப்புக்கும் நடுவுல ஒத்து வரும். தலகாணிக்கு கீழ, பீரோவுல புடவைக்கு அடியில, பூஜை ரூம் மேல் தட்டுல, இதெல்லாம் மறைவிடம் இல்ல, உங்க வீட்டு புள்ளைங்களுக்கு அந்த ஒவ்வொரு தட்டும் அத்துப்படி. நம்பர் பூட்டுன்னா பொறந்த நாள், கல்யாண நாள் வைக்காதீங்க, ஃபோன் பாஸ்கோடை கண்டுபிடிச்ச பையனுக்கு இது எம்மாத்திரம்.

மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்டுல 2021-ல 15 வயசு பையன் ஸ்கூல்ல நாலு மாணவர்களை சுட்டுக் கொன்னான், அந்த துப்பாக்கியை அப்பா வாங்கினது நாலே நாள் முன்னாடி. 2024-ல அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா 10 முதல் 15 வருஷம் தண்டனை. ட்ரிக்கரை அழுத்தினது அவங்க இல்ல, பூட்டாம விட்டதும் கண் முன்னாடி தெரிஞ்ச அறிகுறியை கண்டுக்காம விட்டதும் தான் கேஸ். இன்னொண்ணு, உங்க புள்ளை விளையாட போற வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்காங்களான்னு கேளுங்க. வேர்க்கடலை அலர்ஜிக்கு கூச்சமில்லாம சொல்றோம்ல, அதே மாதிரி கேளுங்க.

படி 8: வெளிய எடுத்துட்டு போறது

என்கிட்ட கேட்டா, புதுசா வாங்கினவர் முதல் வருஷம் இடுப்புல வச்சுட்டு போக வேண்டாம். போறீங்கன்னா, உங்க மாநில பெர்மிட் அடுத்த மாநிலத்துல செல்லாம போகலாம். 2013-ல பென்சில்வேனியா பெர்மிட் வச்சிருந்த ஒரு அம்மா நியூ ஜெர்சில ட்ராஃபிக் போலீஸ் நிறுத்தினப்ப தானாவே "என்கிட்ட துப்பாக்கி இருக்கு"ன்னு சொன்னாங்க, அங்கயே கைது. பல வருஷ ஜெயில் வாசல் வரைக்கும் போய் 2015-ல கவர்னர் மன்னிப்பு கொடுத்தார். வேற மாநிலம் வழியா கார்ல கடந்து போகணும்னா காலி பண்ணி, பூட்டின பெட்டியில, ட்ரங்க்ல வைங்க, தோட்டாவும் கைக்கு எட்டாம. ட்ரங்க் இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டி கட்டாயம், க்ளவ் பாக்ஸ் அதுக்கு கணக்கு இல்ல.

ஏர்போர்ட்ல செக்-இன் லக்கேஜ்ல மட்டும், காலியா, பூட்டின கெட்டிப் பெட்டியில, கவுன்டர்ல சொல்லிட்டு. 2023-ல டிஎஸ்ஏ (ஏர்போர்ட் பாதுகாப்பு அமைப்பு) செக்பாயின்ட்ல பிடிச்சது 6,737 துப்பாக்கி, சுமார் 93 சதவீதம் லோட் ஆனது, கேட்டா எல்லாரும் பையில இருந்தது மறந்துட்டேன்னு தான் சொல்றாங்க. ரேஞ்ச்சுக்கு ஒரு பை தனியா வைங்க, அதை எந்த பயணத்துக்கும் எடுக்காதீங்க, ஊருக்கு போறப்ப அடியில கிடந்த ஒத்த தோட்டா இந்திய ஏர்போர்ட்ல ஆயுதச் சட்ட கேஸா மாறிடும்.

போலீஸ் நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, உள் லைட் போடுங்க. துப்பாக்கி இருக்குன்னு நாமளே சொல்லணுமா, கேட்டா சொன்னா போதுமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் வேற. எப்படி சொன்னாலும் அது இருக்கற பக்கம் கையை கொண்டு போகாதீங்க, அவர் சொல்ற வரைக்கும் பர்ஸை எடுக்கக் கூட அசையாதீங்க. 2016-ல மின்னசோட்டாவுல பெர்மிட் வச்சிருந்த ஃபிலாண்டோ கஸ்டீல்ங்கற கருப்பினத்தவர், மரியாதையா சொல்லியும் காருக்குள்ளயே சுடப்பட்டார், சுட்ட போலீஸ்காரர் விடுதலை ஆனார். தோல் நிறம் பத்தி நான் தனியா விளக்க வேண்டியதில்ல.

படி 9: எப்ப சுடலாம்

உயிருக்கோ பெரிய காயத்துக்கோ இந்த நிமிஷமே ஆபத்துன்னு நியாயமா யாரும் நம்பக்கூடிய சூழ்நிலை, சட்டத்தோட மையம் அது தான். சாமானை காப்பாத்த சுடறது, ஓடறவன் முதுகுல சுடறது, பயமுறுத்த வானத்துல சுடறது, இதெல்லாம் உங்களை குற்றவாளி கூண்டுல ஏத்தலாம். தப்பிக்க வழி இருந்தா விலகணும்னு சில மாநிலம், விலக வேண்டாம்னு ஃப்ளோரிடா மாதிரி மாநிலங்கள், ஆனா வீட்டுக்குள்ளங்கறது மட்டும் லைசன்ஸ் ஆகாது.

1992-ல லூசியானாவுல ஹாலோவீன் பார்ட்டிக்கு வீடு மாறி வந்த 16 வயசு ஜப்பானிய மாணவனை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்னார். ஜூரி விடுதலை பண்ணிச்சு, சிவில் கோர்ட் 6,50,000 டாலர் நஷ்ட ஈடு போட்டுச்சு. 2023-ல நியூயார்க் மாநிலத்துல ஃப்ரெண்டு வீடு தேடி தப்பான ட்ரைவ்வேக்குள்ள கார் திரும்பினப்ப வீட்டுக்காரர் சுட்டதுல 20 வயசு பொண்ணு இறந்துச்சு, இந்த தடவை கொலைன்னு தீர்ப்பு, 25 வருஷத்துலேர்ந்து ஆயுள் வரைக்கும். டெலிவரி பாய், தண்ணி அடிச்சுட்டு வீடு மாறினவன், லேட்டா வந்த உங்க சொந்த பையன், ராத்திரி கதவுல சத்தம்னா இவங்கள்ல ஒருத்தரா இருக்கறதுக்கு தான் வாய்ப்பு ஜாஸ்தி. கதவை பூட்டி, குடும்பத்தை ஒரே ரூம்ல வச்சு, 911 கூப்பிட்டு, லைட் போட்டு யாருன்னு கத்தி கேளுங்க. நிஜமாவே சுட நேர்ந்துட்டா ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, போலீஸ் வரும்போது கையில எதுவும் இருக்கக்கூடாது, தாக்கப்பட்டேன்னு சொல்லிட்டு மிச்சத்தை வக்கீல் வந்ததும் பேசறேன்னு நிறுத்திக்கோங்க. ஹோம் இன்ஷூரன்ஸ் வேணும்னே செய்யற செயலுக்கு பொதுவா பணம் தராது, பாலிசியை இப்பவே எடுத்து படிச்சு வைங்க.

படி 10: வச்சிருக்கற காலம் முழுக்க

மாடல், சீரியல் நம்பர், வாங்கின ரசீது, ஒரு ஃபோட்டோ, இதெல்லாம் துப்பாக்கி இல்லாத வேற இடத்துல இருக்கணும். திருட்டு போனா அன்னிக்கே போலீஸ்கிட்ட சொல்லுங்க, நியூயார்க்ல 24 மணி நேரம், கலிபோர்னியாவுல 5 நாள்னு கெடு உண்டு. கார்ல ராத்திரி விட்டுட்டு வராதீங்க, திருடனுக்கு அதைவிட ஈஸியான இடம் கிடையாது. விக்கணும்னா டீலர் வழியா வித்துடுங்க, இல்ல உங்க ஊர் போலீஸ் வாங்கிக்குவாங்களான்னு முன்கூட்டியே ஃபோன்ல கேட்டுட்டு போங்க, கையில தூக்கிட்டு ஸ்டேஷனுக்குள்ள நடந்துடாதீங்க.

உயில்லயும் இதை எழுதணும். நீங்க போனப்புறம் இன்னும் தற்காலிக விசாவுல இருக்கற மனைவி பீரோவை திறந்து அதை கையில எடுத்தாங்கன்னா முதல் படில சொன்ன சட்டம் அவங்க மேல பாயும். எந்த டீலரை கூப்பிடணும், தகுதி இருக்கற யார் வந்து எடுக்கணும்னு பேர், ஃபோன் நம்பரோட ஒரு பேப்பர்ல எழுதி, வக்கீல்கிட்ட ஒரு காப்பி கொடுத்துடுங்க, சேஃப் நம்பரை மூடின கவர்ல அந்த ஆளுக்கு மட்டும் கிடைக்கற மாதிரி அவர்கிட்டயே விட்டுடலாம்.